வளாகம் வரையும் மகளுக்கு

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்புள்ள மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. உன் கடிதத்தை ஆத்தாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மூன்று ஆண்டுகளாகச் சாலையின் அகலத்தையும் மரங்களுக்கு இடையிலான தூரத்தையும் வரைந்துகொண்டே இருப்பதாகவும், நான் கட்டியது என்று கைகாட்ட ஒரு சுவர்கூட இல்லை என்றும் நீ எழுதியிருந்ததைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தனி வீடுகளை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்று உன்னை அழைக்கிறது. இப்போது நீ இருக்கும் அகமதாபாத் அலுவலகமோ, ராமநாதபுரம் பக்கம் வரவிருக்கும் கல்லூரி வளாகத்தின் மாஸ்டர் பிளானை, அதாவது எது எங்கே வர வேண்டும் என்ற முழுத் திட்டத்தை, உன் பொறுப்பில் விட முன்வந்திருக்கிறது. எதை ஏற்பது என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தைந்து ஆண்டுகளை வளாகத் திட்டத்திலும் நகர வடிவமைப்பிலும் கழித்தவன் என்ற முறையில் என் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நேராக ஓடி, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும் நம் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். சிறுவயதில் என்னைக் கட்டிப்போட்டது மழைத் தண்ணீர் போகும் வழிதான். ஓட்டுக்கூரை நான்கு பக்கமும் வளவு வாசல் என்னும் திறந்த நடுமுற்றத்துக்குள் தண்ணீரை இறக்கும். அது வீட்டுக்கு வெளியே வந்து தெருவோர வாய்க்காலில் கலந்து ஊருணியை நோக்கி நடக்கும். நான் குடையில்லாமல் அதன் பின்னாலேயே ஓடுவேன். வீட்டைக் கட்டிய பாட்டையாவின் பெயரை நாம் அறிவோம். தெருவுக்கு அந்தச் சாய்வைக் கொடுத்தவர் யார் என்று ஊரில் கேட்டுப்பார்த்திருக்கிறேன். சொல்ல எவரும் இல்லை. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றபோது, எந்தத் தனி மாளிகையையும் குறிக்காமல் ஊர்த் தொகுதிகளாகவே சேர்த்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, பெயர் தெரியாத அந்த மனிதருக்கு மரியாதை கிடைத்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன்.

உன்னிடம் இதுவரை முழுமையாகச் சொல்லாத ஒன்றையும் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில், ஒரு கல்லூரிக்கான நிலத்தைப் பங்குனி வெயிலில் அளந்தோம். கருவேல மரங்கள் நின்ற பொட்டலின் நடுவே, ஆழமே இல்லாத நீண்ட பள்ளம் ஒன்று கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அருகில் வந்து, "தம்பி, இது கண்மாய்க்குப் போற வரத்துக்கால், இதுல கட்டடம் வச்சுராதீக" என்றார். மழைநீரைக் கண்மாய்க்குக் கொண்டுசேர்க்கும் வாய்க்கால் அது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட நான் வரைபடத்தில் குறிக்கவில்லை. நுழைவாயிலில் நின்றால் நூலகம் நேராகத் தெரிய வேண்டும் என்ற ஆசை என் கண்ணை மறைத்தது. அதற்காகக் கட்டடங்களை நகர்த்தியதில் மாணவர் விடுதி அந்தப் பள்ளத்தின் மேல் வந்து அமர்ந்தது. கட்டி முடித்த இரண்டாம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் தரைத்தள அறைகளில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. பிள்ளைகள் பாயையும் பெட்டியையும் தலையில் சுமந்துகொண்டு வகுப்பறைகளுக்குக் குடிபோனதை நேரில் பார்த்தேன். கண்மாய்க்குச் சேர வேண்டிய நீர் நம் சுவரில் முட்டி நின்றுவிட்டதால், அந்த ஆண்டு அதன் கீழே நெல் நட்டவர்களுக்கும் தண்ணீர் போதவில்லை. அவர்களில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை என்பது இன்றும் எனக்குப் பாரமாகவே இருக்கிறது.

அதற்குப் பிறகு எந்த நிலத்திலும் லெவல் எடுத்து, அதாவது மேடுபள்ளத்தை அளந்து, நீர் வரும் வழியையும் போகும் வழியையும் நீலத்தில் தீட்டாமல் ஒரு கட்டடத்தைக்கூடத் தாளில் வைத்ததில்லை. அடுத்ததாக நடையை வரைவேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் ஏறத்தாழ 400 மீட்டர் நடப்பார். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே பத்து நிமிடமே இருக்கும்போது, அடுத்தடுத்துப் போக வேண்டிய வகுப்பறைகளை ஒரு கிலோமீட்டர் தள்ளிவைத்தால் அந்த வளாகம் வெயிலில் ஓடும் பிள்ளைகளால் நிறையும். திசையைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், ஏனெனில் அகமதாபாத்தில் பழகிய கை இங்கே தவறக்கூடும். வடக்குப் பக்கத்து ஜன்னலில் வெயில் விழாது என்ற பாடம் ராமநாதபுரத்துக்குப் பொருந்தாது. அங்கே சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கேதான் நிற்கிறது. ஆகவே கட்டடங்களைக் கிழக்கு மேற்காக நீட்டிவைத்து, தெற்கைப் போலவே வடக்குக்கும் தாழ்வாரம் கொடு.

நீ இருக்கும் அகமதாபாத்திலேயே உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் (ஐஐஎம்) செங்கல் வளைவுகளை விடுமுறை நாளில் மறுபடி போய்ப் பார். அதை வடிவமைத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1974-இல் இறந்தபோது அந்த வளாகம் முடிந்திருக்கவில்லை. அனந்த் ராஜே தொடர்ந்து கட்டினார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துச் செல்லும்படி திட்டம் தெளிவாக இருந்தது என்பதையே அதன் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன். பெங்களூரில் கட்டடக் கலைஞர் தோஷி கல்லால் எழுப்பிய ஐஐஎம் வளாகத்தில், வகுப்பறைகளைவிட அவற்றை இணைக்கும் நடைவழிகளில்தான் நான் அதிக நேரம் நின்றேன். சில இடங்களில் கூரையும் சில இடங்களில் திறந்த வானமுமாக அவை நடப்பவரைப் பேசவைக்கின்றன. கிண்டியில் நான் படித்த நாட்களில் பக்கத்து ஐஐடிக்குள் சைக்கிளில் சுற்றுவேன். 1959-இல் தொடங்கிய அந்த வளாகத்தில் புள்ளிமான் இன்றும் மேய்கிறதென்றால், 600 ஏக்கருக்கு மேல் நிலம் கையில் இருந்தும் காட்டை மிச்சம் வைத்தார்கள் என்பதே காரணம்.

நம் பக்கத்திலேயே வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். அத்தனை நிலத்தை ஒருவர் கல்விக்கென்று கையில் கொடுக்கும்போது, அதில் எங்கே கட்டக் கூடாது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலைதான் உன்னைத் தேடி வந்திருக்கிறது.

இதில் உள்ள சிரமத்தையும் அறிந்துகொள். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். நிர்வாகம் மாறினால் திட்டமும் மாறும். நீ பூங்காவாக விட்ட இடத்தில் வாகனம் நிறுத்தக் கேட்பார்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் அதே வரைபடத்தோடு நீ எழுந்து நிற்க வேண்டியிருக்கும். வளாகத்துக்காவது உரிமையாளர் ஒருவரே. நகரத் தெருவுக்கு வந்தால் கடைக்காரர், நகராட்சி, மின்வாரியம் என்று எல்லாரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். நான் சோர்ந்த நாட்கள் உண்டு. ஆனாலும் மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையே தேர்ந்தெடுப்பேன், நீயும் இந்த வளாகத்தை ஏற்க வேண்டும் என்பதே என் விருப்பம். தனி வீடுகள்தான் உன் மனதுக்கு நிறைவு தரும் என்றால் அதிலும் எனக்கு வருத்தமில்லை.

பதில் சொல்லுமுன் நிலத்தின் லெவல் தாளை எனக்கு அனுப்பிவை. சுற்றியுள்ள கண்மாய்கள் எவை, வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கிராமப் புல வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். முடிந்தால் கார்த்திகையில் வா. மழை பெய்துகொண்டிருக்கும்போதே இருவரும் அந்த நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பச்சி