மருந்துக்கடை அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண் நோய். ஸ்டீராய்டைக் குறைத்தாலே ரத்தப்போக்கு திரும்பியதால், போன ஆண்டு டாக்டரம்மா அசாதியோப்ரின் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தொடங்கினார். தினமும் 100 மில்லிகிராம். மூன்று மாதத்தில் நன்றாகக் கேட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழிவறைக்கு ஓடியவன், விருதுநகரிலிருந்து மதுரை வரை பேருந்தில் நிம்மதியாக உட்கார்ந்து போனேன். அந்த நிம்மதியில், இந்த மருந்துக்காகச் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனையை இரண்டு முறை விட்டுவிட்டேன்.

ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் தங்கச்சி அதைக் கவனித்து, "அண்ணே, இந்த மாசமும் வரலையே" என்று ஃபோன் செய்தார். அவருக்காகத்தான் போனேன். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு 40-க்குள் இருக்க வேண்டியது, 212 இருந்தது. வலி இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, பசியும் குறையவில்லை. அந்த அழைப்பு வராவிட்டால் மாத்திரையை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

டாக்டரம்மா மருந்தை உடனே நிறுத்தினார். ஆனால் பழியை அதன் மேலேயே போட்டுவிடவில்லை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். இந்தக் குடல் நோய் உள்ள சிலருக்குப் பித்தக் குழாய் சுருங்கும் நோயும் வருமாம், அதற்காக ஆல்கலைன் பாஸ்பேட்டஸ் என்ற ரத்தப் பரிசோதனையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்: இந்த மருந்து உடம்புக்குள் போய் இரண்டு வழியாகப் பிரிகிறது, சிலருக்குக் குடலை ஆற்றும் வழியில் குறைவாகவும், ஈரலைப் படுத்தும் வழியில் அதிகமாகவும் போய்விடுகிறது. "நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல" என்றார். குடித்துத்தான் ஈரல் கெட்டது என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார். எது என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும், இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அத்தை முகம் சுளிக்கவில்லை. மறுநாளிலிருந்து கஞ்சி வந்தது.

ஆறு வாரத்தில் ஈரல் சரியானது. புதுச் சீட்டில் அசாதியோப்ரின் 25 மில்லிகிராம், கூடவே அலோப்யூரினால் 100. இரண்டாவது, யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் மாத்திரை. அது மருந்தைச் சரியான வழிக்குத் திருப்பிவிடும், ஆனால் அசாதியோப்ரினைக் கால் பங்காகக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்காமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும்.

மருந்துக்கடை அண்ணாச்சி சீட்டைப் பார்த்துவிட்டு மாத்திரை தர மறுத்தார். டாக்டரிடம் ஃபோனில் பேசி உறுதிசெய்ய அரைமணி நேரம் ஆனது. கடையில் அத்தனை பேர் முன்னால் நான் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்கு ஒன்றுதான் கேட்டார்: "பழைய அட்டை வீட்ல இருக்கா தம்பி?"

இருந்தது, இரண்டரை அட்டை, எல்லாம் 50 மில்லிகிராம். இரவில் எனக்கு மாத்திரை எடுத்து வைப்பது அம்மா. அண்ணாச்சி கேட்காவிட்டால், பழக்கத்தில் அதிலிருந்து இரண்டை எடுத்து வைத்திருப்பார்கள்.

அண்ணாச்சி, எல்லார் முன்னாலும் கத்தினேன், அதனால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். பழைய அட்டைகளை அன்றே அப்புறப்படுத்திவிட்டேன்.

போன வாரப் பரிசோதனையில் ஈரலும் வெள்ளை அணுவும் சரியாக இருக்கின்றன. அடுத்தது மாதக் கடைசியில். தங்கச்சி, ஃபோன் செய்ய வேண்டாம், நானே வந்துவிடுவேன்.

நன்றியுடன்,
உங்கள் தெருக்காரன்