சலூன் அண்ணனுக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

எனக்கு எச்ஐவி இருப்பது வெளியே தெரிந்த பிறகு என்ன நடந்தது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கு வேலை மறுபடி கிடைத்துவிட்டது. அம்மா கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கிவிட்டார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எங்கள் குடத்தை இப்போது யாரும் தள்ளி வைப்பதில்லை. இந்த நிம்மதியின் சூட்டோடு நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் பஸார் சலூன் அண்ணனுக்கு.

விஷயம் வெளியே வந்த பிறகு நான் முடிவெட்டப் போகவில்லை. பிளேடு, ரத்தம், எச்ஐவி என்று சனங்கள் முதலில் பயப்படும் இடம் அதுதான். அவருடைய பிழைப்பில் மண் விழக்கூடாது என்று ஒதுங்கி இருந்தேன். அவராகவே ஆளனுப்பினார்: "தம்பி தாடியோட திரியுறாராம், ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு." ஞாயிறு என்றால் பெஞ்சில் இடமிருக்காது. ஆளில்லாத நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

என் முறை வந்ததும் துணியை உதறிப் போர்த்தினார். பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகினார். பெஞ்சிலிருந்த ஒருவர், "அவருக்குத் தனியாப் புது பிளேடுதானே?" என்றார். அண்ணன் என் கன்னத்தில் சோப்பு தடவியபடியே, "இங்க எல்லாருக்கும் புது பிளேடுதான். ஒங்களுக்கு என்ன போட்டேன்?" என்று கேட்டார். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷேவ் முடித்து, பவுடர் போட்டு, எப்போதும் போலத் தலையைப் பிடித்துவிட்டார். அம்மாவைத் தவிர வேறொருவர் கை என் மேல் பட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. கடைசியில் எல்லாரிடமும் வாங்கும் அதே காசை என்னிடமும் வாங்கிக்கொண்டார். அண்ணே, நீங்கள் அந்தக் காசை வேண்டாம் என்று சொல்லாததற்குத்தான் பெரிய நன்றி.

நோய் மட்டும் தெரிந்திருந்தால் நாலு பேராவது பாவம் என்றிருப்பார்கள். நான் ஆண்களை நேசிப்பவன் என்பதும் சேர்ந்து தெரிந்ததால், "இவனுக்கு இது வரத்தானே வேணும்" என்றார்கள். திருநங்கைகளின் பாடு இன்னும் மோசம். நோயே இல்லாவிட்டாலும் பார்த்த மாத்திரத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் 365அ பிரிவு வேறு தலைக்கு மேல் நிற்கிறது. யாரோடு பழகினாய் என்று டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்ல எப்படி வாய் வரும்? அப்படிப் பயந்து பயந்தே எங்கள் ஆட்கள் பரிசோதனையைத் தள்ளிப் போடுகிறார்கள், உடம்பு முடியாமல் போன பிறகுதான் போய் நிற்கிறார்கள். மருந்தோ அரசாங்க கிளினிக்கில் இலவசம்.

மாத்திரை வேளையைத் தமிழில் எழுதித் தந்த நர்ஸ் அக்கா, தோட்டத்து மேனேஜர் துரையிடம் எனக்காகப் பேசிய தலைவர், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோ தம்பி, எங்கள் வீட்டில் சோறு தின்ற பக்கத்து லயத்துப் பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி. கோயில் கூட்டத்தில் எழுந்து பேசிய டீச்சருக்கும் நன்றி. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ எச்ஐவி தொற்றாது என்றார். மருந்தை ஒழுங்காக எடுத்து, பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிருமி குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலமும் அது அடுத்தவருக்குப் போகாது என்பதையும் அத்தனை பேர் முன்னால் கூச்சப்படாமல் சொன்னார்.

என்னால் முடிந்ததை நானும் செய்யப் போகிறேன். தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கிளினிக் வாசல் வரை போய்த் திரும்பி வருகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களில் யார் கூப்பிட்டாலும் துணைக்கு வருவேன். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போக வேண்டுமென்றாலும் சரி, பஸ் காசு நான் தருகிறேன். உள்ளே போகும்போது என் பெயரை முதலில் கொடுங்கள். என்னை எல்லாருக்கும் தெரியும், இனி நான் ஒளிக்க ஒன்றுமில்லை.