இரண்டு மில்லி கொடுத்த அம்மாக்களுக்கு

அன்புள்ள அம்மாக்களுக்கு,

உங்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பால் கொடுத்தது யார் என்று தாய்ப்பால் வங்கியில் சொல்லமாட்டார்கள். கேட்டுப் பார்த்தேன். “குழந்தை பசியாறிச்சில்ல, அது போதும்மா” என்றார் சிஸ்டர். எனக்குப் போதவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன். போன வருடம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் நீங்கள் பால் கொடுத்திருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

என் மகள் 31-ஆவது வாரத்தில் பிறந்தாள். எடை 1,380 கிராம். நான் பிரசவித்த ராயப்பேட்டை நர்சிங் ஹோமில் அவ்வளவு சின்னக் குழந்தையை வைத்துப் பார்க்க வசதி இல்லை. எனக்குத் தையல் போட்டு வெளியே கொண்டுவருவதற்குள் அவளை 108-ல் எழும்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் கணவர் போனில் காட்டிய படத்தில்தான் அவள் முகத்தை முதலில் பார்த்தேன்.

மூன்று நாள் எனக்குப் பால் சுரக்கவில்லை. குறைமாதப் பிரசவம், சிசேரியன், பக்கத்தில் குழந்தை இல்லை. இப்படி இருந்தால் பால் இறங்கத் தாமதமாகும் என்று பிறகு எழும்பூர் டாக்டர் சொன்னார். அன்றைக்கு அதைச் சொல்ல ஆளில்லை. நர்சிங் ஹோமில் இராத்திரி டியூட்டியில் இருந்த ஒருவர், “பொம்பளையா பொறந்துட்டு பால் வரலன்னா எப்படி?” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எழும்பூர் ஆஸ்பத்திரி இருக்கிற ஹால்ஸ் ரோட்டில் உங்கள் பால் ஒரு மெல்லிய குழாய் வழியாக என் மகளின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மில்லி. அரை டீஸ்பூன்கூட ஆகாது.

அந்த அரை டீஸ்பூனின் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குறைமாதக் குழந்தையின் குடல் இன்னும் முதிராதது. மாவுப்பால் கொடுத்தால் குடல் அழற்சி வரும் ஆபத்து கூடுதல், தாய்ப்பாலில் அது குறைவு. இதற்காக நீங்கள் எச்ஐவி, மஞ்சள்காமாலை என்று ஒவ்வொரு பரிசோதனைக்கும் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, குளிர்வித்து, உறையவைத்து, வேண்டும்போது உருக்கி ஊட்டுகிறார்கள். இந்தியாவில் இப்படி ஒரு வங்கியை முதலில், 1989-ல், மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். அவர் தொடங்கிவைத்தது எத்தனையோ ஊர் தாண்டி என் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அவருக்கும் என் வணக்கம்.

யாரோ ஒருவர் பால் என்றதும் எங்கள் வீட்டில் சிலர் முகம் சுளித்தார்கள். அம்மாவைப் பெற்ற என் ஆயாதான் அவர்கள் வாயை அடைத்தாள். “கொயந்தைக்குப் பசிதான் தெரியும். யார் ஊட்டுப் பாலுன்னு அது கேக்குமா?”

ஆயா அப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1970-ல் அம்மா பிறந்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆயாவுக்கு இன்னமும் அது கோஷாதான். ஆண் டாக்டரிடம் காட்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியில் 1885-ல் வந்த ஆஸ்பத்திரி அது. ஆயாவுக்குப் பிரசவமான அதே வாரத்தில் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவுக்கும் அங்கே ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாவுக்கு ஜன்னி கண்டுவிட்டது. நாற்பது நாள் ஆயாதான் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தாள். இந்தப் பக்கம் என் அம்மா, அந்தப் பக்கம் அந்தப் பையன்.

அவர்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள் உடன்பிறப்புகள். அவர்களுக்குள் திருமணம்கூட ஆகாது. அந்தப் பையன்தான் என் பாய் மாமா. ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ரம்ஜானுக்கும் முதல் பிரியாணிச் சட்டி எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆயாவை அவர் அம்மா என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதில் இதைப் பாசத்துக்குச் சொல்லும் வார்த்தை என்றே நினைத்திருந்தேன்.

நான்காம் நாள் எனக்குச் சீம்பால் வந்தது. பிழிந்து பிழிந்து 5 மில்லி. அதைக் கொண்டுபோக வேண்டுமே என்று கணவர் தவித்தபோது, பாய் மாமா ஐஸ் பெட்டியோடு கீழே நின்றார். எனக்கு நடமாட முடிகிற வரைக்கும் ராயப்பேட்டைக்கும் எழும்பூருக்கும் அவருடைய ஸ்கூட்டர்தான் ஓடியது. ஒரு நாள் மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். பெட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தன் ரெயின்கோட்டைக் கழற்றி அதற்குச் சுற்றியிருந்தார். மாமா, உங்களுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். இதை எழுதியே தீருவேன்.

இப்போது அம்மா.

என்னை 40-ஆம் நாளே ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் என்று அம்மா மேல் எனக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. கோபம் வந்தால் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். ஒரு மத்தியானம் பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் பால் பிழிந்துகொண்டிருந்தேன். அம்மா துப்பட்டாவை விரித்து மறைத்துப் பிடித்திருந்தாள். திடீரென்று, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: “கம்பெனில பத்து மணிக்கெல்லாம் மாரு கல்லாட்டம் ஆயிடும். ஜாக்கெட்டு நனைஞ்சிடும். சூப்பர்வைசருக்குத் தெரியாம கக்கூஸுக்குப் போயி பிழிஞ்சு ஊத்துவேன். நீ வூட்டுல பசிக்கி அழுவுறியோன்னு நெனச்சிக்கினே ஊத்துவேன்.”

1994-ல், தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள் அம்மா. 1961-இன் மகப்பேறு நலச் சட்டப்படி 12 வாரம் விடுப்பு உண்டு. அப்படி ஒன்று இருப்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. 2017-இல் திருத்திய சட்டத்தால் எனக்கு 26 வாரம் சம்பளத்தோடு கிடைத்தது. நான் எடுத்த ஒவ்வொரு வாரமும் அவளுக்குக் கிடைக்காத வாரம். முப்பது வருடம் இதை மனதில் போட்டுப் பூட்டிவைத்திருந்த அம்மாவிடம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். “புட்டியை நேரா புடி, சிந்துது” என்றாள்.

வார்டு சிஸ்டர்களுக்கு நன்றி. குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குக் கிண்ணமான பாலாடையைப் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். நம் ஆயாக்கள் சங்கைப்போல் வைத்திருந்த அதே பாலாடை, ஸ்டீலில், குறைமாதப் பிள்ளைகளுக்கென்று உங்கள் டிராலியில் இருந்ததைப் பார்த்து ஆயா அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குழந்தையை வெறும் மார்பில் ஒட்டிக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறையையும் பொறுமையாகச் சொல்லித்தந்தீர்கள். கொலம்பியாவில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியில் தொடங்கியதாம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தூக்கம் வேண்டும் என்று அம்மா அவளை வாங்கிக் கட்டிக்கொள்வாள். அம்மாவுக்கு இடுப்பு வலித்தால் ஆயா. ஆயாவின் சுருங்கிய மார்பில் அந்தச் சின்னத் தலை சாய்ந்து மூச்சுவிட்டதை நான் படம் எடுக்கவில்லை. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

மூன்றாவது வாரத்தில் எனக்குப் பால் பெருகியது, அவள் குடித்தது போக மிஞ்சியது. பரிசோதனைக்குக் கை நீட்டினேன். 34-ஆம் நாள் அவளை வீட்டுக்குத் தூக்கிவரும் வரை தினமும் கொடுத்தேன். அதைக் குடித்த பிள்ளைகளின் வீட்டார் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, “நாலு வாரம் முன்னாடி எம் புள்ளையும் இப்படித்தான் இருந்தான், பாருங்க” என்று மகனைத் தூக்கிக் காட்டிய காசிமேட்டு அக்கா, உங்கள் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது உங்களால்தான்.

அடுத்த மாதம் மகளுக்கு ஒரு வயது. ஐஸ் ஹவுஸ் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டில் காது குத்துகிறோம். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் பாய் மாமா மடியில் உட்காரவைத்துத்தான் குத்தப்போகிறோம். சீருக்குப் பட்டுப்பாவாடை அவரே பாண்டி பஜாருக்குப் போய் எடுத்துவந்துவிட்டார். அளவு கொஞ்சம் பெரிது, அம்மா பிடித்துத் தைக்கிறாள்.

பால் கொடுத்த பொம்பளைங்க எத்தினி பேர் என்று ஆயா கேட்டாள். தெரியாது என்றேன். பந்திக்குப் பத்து இலை கூடுதலாக வாங்கச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் பாலில் வளர்ந்தவளின் அம்மா