முறைப்பாட்டு மேசையிலிருந்து தொடங்குங்கள்: பொலிஸ் மா அதிபருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

தோட்டத்துத் தமிழ் மக்களோடு பழக உங்கள் உத்தியோகத்தர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுக்கலாம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். மலையகத்தின் ஒரு சிறுநகரில், பொலிஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் போட்டோகொப்பிக் கடை, பாதி நேரம் மொழிபெயர்ப்பு வேலை. "தம்பி, என்ட்ரி ஒன்னு போடணும், கொஞ்சம் கூட வாறியா?" என்று, பொலிஸில் முறைப்பாடு எழுதத் துணை தேடி, தேயிலைத் தோட்டத்திலிருந்து யாராவது வந்து நிற்பார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போவேன்.

போன வருடம் எங்கள் அண்ணிக்கே அந்த நிலை வந்தது. அன்று பார்த்து நான் ஊரில் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது எவனோ கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அண்ணி அழுதுகொண்டே போய், "சங்கிலியக் காணோம் ஐயா" என்றுதான் பேச்சை ஆரம்பித்திருக்கிறார். மேசையில் இருந்தவர் கொஞ்சம் தமிழ் படித்தவர். 'காணோம்' அவருக்கு விளங்கியது, அதற்குப் பிறகு சொன்னது விளங்கவில்லை. சங்கிலி தொலைந்துவிட்டது என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தாராம். ஆனால் புத்தகத்தில் களவே இல்லை, பிறகு கள்ளனை யார் தேடுவது?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. வாய்மொழி முறைப்பாட்டை, சொல்பவரின் மொழியிலேயே எழுதி வாசித்துக்காட்ட வேண்டும். அப்படி எழுத முடியாவிட்டால், அவரையே எழுதித் தரக் கேட்க வேண்டும். அவராலும் முடியாதபோதுதான், காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கியாக வேண்டும். நான் கூடப் போன இடங்களில் அந்தக் காரணத்தை யாரும் குறித்து நான் பார்த்ததில்லை. "சரி, இங்க சைன் பண்ணுங்க" என்பதோடு முடிந்துவிடும்.

ஆகவே பயிற்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மேசையில் போகும் முதல் கால் மணி நேரம்தான். அதற்குப் புத்தகத் தமிழ் மட்டும் போதாது. 'சந்தேகநபர்' என்ற சொல்லைப் படித்துவிட்டு வருகிறவரிடம், "அவரு அந்நேரம் மலையில நின்னாரு" என்றால் ஏதோ குன்றின் மேல் நின்றார் என்று நினைத்துக்கொள்வார். எங்களுக்கு மலை என்றால் தேயிலைக் கொழுந்து எடுக்கிற இடம். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), காம்பரா (லயத்து அறை), தொங்கல் வீடு (லயத்தின் கடைசி வீடு), அரைப் பேர் (அரைநாள் சம்பளக் கணக்கு) எல்லாம் வாக்குமூலத்தில் வந்து விழும் சொற்கள். களுத்துறை பொலிஸ் கல்லூரியில் பாடம் வகுப்பவர்கள், தோட்டத்தில் வேலையை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளையையும் கொழுந்தெடுத்த ஒரு அம்மாவையும் அழைத்து இரண்டு நாள் பேசவிட்டால் போதும். செலவும் பெரிதாக வராது.

அடுத்தது, பொலிஸும் ஊராரும் சேர்ந்து உட்காரும் சிவில் பாதுகாப்புக் குழு. எங்கள் பக்கத்தில் யார் யார் வருவது என்பதைத் துரையும் (தோட்ட முகாமையாளர்) தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் பேசி முடிவு செய்கிறார்கள். கூட்டம் வைப்பதோ காலை பத்து மணிக்கு, பெண்கள் எல்லாம் மலையில் நிற்கும் நேரத்தில். அந்தத் தலைவர் மேலேயே ஒரு பெண்ணுக்கு முறைப்பாடு இருந்தால் எங்கே போய்ச் சொல்வாள்? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி அவளிடம் யார் பேசுவது? கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, கோயில் மண்டபத்திலோ முன்பள்ளியிலோ பெண் உத்தியோகத்தர் ஒருவரோடு உட்காருங்கள். வரும் கூட்டத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

எங்கள் ஆட்கள் காக்கியைக் கண்டால் ஏன் ஒதுங்குகிறார்கள் என்று இளம் அதிகாரி ஒருவர் என்னிடம் கேட்டார். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்ததைச் சொன்னேன். 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற தொழிலாளி அதேபோல் பொலிஸ் சூட்டில் இறந்ததையும் சொன்னேன். இரண்டையும் அவர் கேள்விப்பட்டதே இல்லை. மலையகத்துக்கு மாற்றலாகி வரும் பொறுப்பதிகாரிகளுக்கு, வாகனச் சாவியோடு இந்தக் கதையையும் கொடுத்து அனுப்பலாமே.

இதற்கெல்லாம் காலம் எடுக்கும் என்று தெரியும். ஒன்றை மட்டும் நாளைக்கே செய்யலாம். தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இன்றிரவு கடமையில் இருக்கிறாரா, இல்லையென்றால் எத்தனை மணிக்கு வருவார் என்று நிலைய வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். நான் கடையை எட்டு மணிக்குப் பூட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
எதிர்க்கடைக்காரன்