பயாப்சிக்கு அனுப்பினாங்களா?

அன்புள்ள எஸ்தர்,

நலம்தானே? அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? சின்னவன் எந்தக் காலேஜில் சேர்ந்தான்? இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லோரும் சுகம்.

அம்பாசமுத்திரத்தில் பானு மகள் கல்யாணத்துக்குப் பிறகு உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நீ இரண்டு தடவை போன் செய்தும் எடுக்கவில்லை. காரணம் உனக்கே தெரியும். என் சேலை மடிப்பைச் சரிசெய்து பின் குத்தும்போது இடது தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் நடுவில் கேட்டாய்: "ஏட்டி, இது ஏற்கனவே எடுத்த கட்டிதானே? அன்னைக்கு எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பினாங்களா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸ் வேலை பார்த்துப் பார்த்து உனக்கு எல்லாமே வியாதியாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, பந்தியில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தேன். முதலில் அதற்கு என்னை மன்னித்துக்கொள். நீ கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் இன்று தோளில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவது வலது கை, பயப்படாதே.

நோயின் பெயர் டெர்மட்டோஃபைப்ரோசார்க்கோமா புரோட்டுபெரன்ஸ். சுருக்கமாக டி.எஃப்.எஸ்.பி. என்கிறார்கள். தோலின் நடு அடுக்கில் உண்டாகும் ஒரு வகைப் புற்றுநோய். 10 லட்சம் பேரில் வருடத்துக்கு 5 பேருக்குக்கூட வராதாம். 20 வயதிலிருந்து 50 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் அதிகம். உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் மிச்சம் வைத்து எடுத்தால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

2017இல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடிப்பாக ஆரம்பித்தது உனக்குத் தெரியும். வலி இல்லை, அரிப்பு இல்லை. முதலில் பார்த்த டாக்டர் கெலாய்டு, அதாவது காயம் ஆறின இடத்தில் தடித்து வளர்கிற தழும்பு என்றார். தோளும் நெஞ்சும் கெலாய்டு வருகிற இடங்கள்தான், அதனால் அவர் அப்படி நினைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் எனக்கு எந்தக் காயமும் பட்டதில்லை. அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஸ்டீராய்டு ஊசி நான்கு போட்டார்கள். கட்டி அமுங்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேலே இரண்டு முண்டு கிளம்பியது.

2021இல் இன்னொரு ஆஸ்பத்திரியில் அதைக் கொழுப்புக் கட்டி என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். எஸ்தர், எடுத்த அந்தக் கட்டியை அவர்கள் எங்கேயும் அனுப்பவில்லை. போன மாதம் அங்கே போய்க் கேட்டேன். என் பெயரில் ஒரு பில் மட்டும் இருந்தது. அந்தச் சதைத் துண்டு எந்த வாளியில் போயிற்றோ! ஒரு சின்ன பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றிப் போட்டு லேபுக்கு அனுப்பியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ராத்திரியில் தூக்கம் போய்விடுகிறது. உடம்பிலிருந்து வெட்டி எடுத்த எதையும் பார்க்காமல் தூக்கிப் போடலாமா? நீ வேலை பார்க்கிற இடத்தில் இப்படி நடந்தால் சண்டை போடு. உனக்குச் சண்டை போடச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஹாஸ்டல் வார்டனைக் கேட்டால் தெரியும்.

சரி, பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பந்தியில் வேறு வரிசையில் உட்கார்ந்தேனே தவிர, உன் கேள்வி என்னை விடவில்லை. மூன்று மாதம் கழித்து மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவுக்குப் போனேன். நம் பெரியவள் வயசுகூட இருக்காது அந்த டாக்டரம்மாவுக்கு. கட்டியை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார். மேல் தோல் கட்டியோடு ஒட்டியிருக்கிறது, அடியில் மட்டும் நகர்கிறது என்றார். எடுத்த தழும்பின் மேலேயே திரும்ப வளர்ந்திருப்பதைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்கேல் வைத்து அளந்தார். 4 சென்டிமீட்டர்.

பேனா முனை மாதிரி ஒரு கருவியால் குத்தி எடுத்த முதல் துண்டில் சாதாரண டெர்மட்டோஃபைப்ரோமா, அதாவது புற்றுநோய் இல்லாத தோல் கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அன்றைக்கே உனக்குப் போன் செய்ய நினைத்தேன். அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "அது பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்கும்மா, இவ்வளவு பெரிசாகாது. மேலாக எடுத்தால் அதுவும் டி.எஃப்.எஸ்.பி.யும் ஒரே மாதிரி தெரியும். கொழுப்பு வரைக்கும் ஆழமாக ஒரு துண்டு வேண்டும்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிடிவாதம்தான் என்னைக் காப்பாற்றியது.

இரண்டாவது துண்டில் எல்லாம் வெளிப்பட்டது. நான் கேட்டதால் பேத்தாலஜி டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். பத்தமடையில் நூர்ஜகான் வீட்டுத் திண்ணையில் அவள் உம்மா பாய் நெய்வதை மணிக்கணக்காகப் பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி, ஒல்லியான செல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. இந்த அமைப்புக்கு ஸ்டோரிஃபார்ம் என்று பெயர், லத்தீனில் பாய் என்ற சொல்லிலிருந்து வந்ததாம். நான் பத்தமடைக்குப் பக்கத்து ஊர் என்றதும் அவர் சிரித்துவிட்டார். அடுத்த ஸ்லைடில் அந்தச் செல்கள் கொழுப்புக்குள் தேன்கூடு மாதிரி புகுந்திருந்தன. எனக்கு உடம்பு சில்லிட்டது. மேலே தெரிகிற முண்டு கொஞ்சம்தான், வேர் மாதிரி பக்கவாட்டில் எவ்வளவோ தூரம் போயிருக்கிறது.

அதற்கு மேல் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். இந்த நோயைக் காட்டுகிற சி.டி.34 என்ற புரதத்துக்கான சாயம் நன்றாகப் பிடித்தது, சாதாரணக் கட்டியில் பிடிக்கிற ஃபேக்டர் 13ஏ சாயம் பிடிக்கவில்லை. சந்தேகமே வேண்டாம் என்று, குரோமோசோம் மாற்றத்தைப் பார்க்கிற ஃபிஷ் டெஸ்டுக்கும் அனுப்பினார்கள். இந்த நோயில் 17ஆம் குரோமோசோமில் இருக்கிற கொலாஜன் மரபணுவும் 22ஆம் குரோமோசோமில் இருக்கிற ஒரு வளர்ச்சி மரபணுவும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் 'வளர், வளர்' என்கிற உத்தரவைச் செல் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த உத்தரவை அடைக்க இமாட்டினிப் என்று மாத்திரை உண்டு, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பதுதான். அறுத்து எடுக்க முடியாதவர்களுக்கு 2006லேயே அமெரிக்காவில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, கட்டியைச் சுற்றி 3 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து, தசை உறை வரைக்கும் எடுத்தார்கள். ஆனால் உடனே மூடவில்லை. ஓரங்கள் சுத்தம், அதாவது வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். அந்த 11 நாள் திறந்த புண்ணோடு கட்டிலில் கிடந்ததை மட்டும் நேரில் சொல்கிறேன். ஒவ்வொரு தடவை டிரஸ்ஸிங் மாற்றும்போதும் உன்னை நினைத்தேன். ப்ளஸ் டூவில் தவளையை அறுத்த அன்று பெஞ்சோடு மயங்கி விழுந்தவள் நீ. இத்தனை வருடமாக இந்த வேலையை எப்படித்தான் செய்கிறாயோ!

நாலு ஓரமும் சுத்தம். இன்னும் மோசமான வகையாக மாறுகிற அடையாளமும் இல்லை. கீமோ கிடையாது. 6 மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் வரும் என்பதால் இப்போதைக்கு அந்தப் பயம் கூடவேதான் இருக்கும். இவர் தினமும் தழும்பைத் தடவிப் பார்க்கிறார். தடவாதீர்கள் என்றாலும் கேட்பதில்லை.

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் பி.டி. சார் முதுகில் ஒரு கட்டியை எடுத்துவிட்டு வந்திருந்தார். "பயாப்சிக்கு அனுப்பினாங்களா சார்?" என்று கேட்டேன். முகம் சுருங்கிப்போய் எழுந்து வெளியே போனார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, சாதாரணக் கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும் என்று பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு, நாளைக்கும் கேட்பேன் என்றும் சொன்னேன். மறுநாள் லேப் ரசீதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

அடுத்த செக்கப் ஆடி முடிந்து வருகிறது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வா. ரிப்போர்ட் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன், நீ ஒரு தடவை படித்துப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய். எடுப்பேன்.

அன்புடன்,
உன் வசந்தா