3,000 ரூபாய் கீபோர்டிலும் ‘ழ’ இருக்கட்டும்

சின்ன மெக்கானிக்கல் கீபோர்டு தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை இங்கே தருவித்து விற்பவர்களுக்கும்,

வணக்கம். மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதும் என் வேலை. நாள் முழுக்கத் தமிழில்தான் தட்டுகிறேன். பெரிய கீபோர்டில் எண் விசைகளைத் தாண்டி மௌஸுக்குக் கை நீட்டி நீட்டி வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. உங்களில் ஒருவரின் 61 விசை கீபோர்டுக்கு மாறிய பிறகு வலி குறைந்தது. அதற்கு முதலில் நன்றி.

இந்த அளவில் பேர்போனது ஜப்பானின் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு. பேராசிரியர் எய்இச்சி வாடாவின் யோசனையை வைத்து பிஎஃப்யூ நிறுவனம் 1996-இல் கொண்டுவந்தது. விசைக்கு அடியில் ‘டோப்ரே’ என்ற வகை ஸ்விட்ச் வைத்த அதன் மேல்தர மாடல் 35,000 யென்னைத் தாண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ஸ்விட்ச் காப்புரிமை காலாவதியாகி, கேட்டரான், கைல், ஔடெமு என்று பல நிறுவனங்களும் அதே அமைப்பில் செய்ய ஆரம்பித்ததால்தான் 3,000 ரூபாய்ச் சுற்றில் எங்களுக்கும் நல்ல ஸ்விட்ச் கிடைக்கிறது. தட்டும் சுகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

வாங்கிய மூன்றாம் நாள். ‘தமிழ்நாடு’ என்று அடிக்கிறேன். ‘தமி’ வரை வந்தது. ‘ழ’வுக்குச் சுண்டுவிரலை வைத்தால் கர்சர் மேல்வரிக்குத் தாவிவிட்டது. அடுத்து அடித்த புள்ளியும் ‘நாடு’ம் அங்கே வேறொரு சொல்லின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டன. நான் தட்டும் தமிழ்99 என்ற விசை அமைப்பில் ‘ழ’ இருப்பது சாய்கோட்டு (/) விசையில். அதே விசைக்கு மேல் அம்பு என்று இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறீர்கள். விசைகளின் இரண்டாவது வேலையை வரவழைக்கும் எஃப்என் (Fn) விசையோடு இன்னொரு விசையைக் கை தவறி அழுத்தினால் போதும், எழுத்து போய் அம்பு நிலைத்துவிடுகிறது. பெட்டிக்குள் இருந்த தாளில், எறும்பளவு எழுத்தில் அதற்கான வழியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மூன்று பக்கம் பாழ்.

ஹேப்பி ஹேக்கிங்கின் அமெரிக்க அமைப்பிலும் தனி அம்பு விசைகள் கிடையாதுதான். அதில் அம்புகள் இருக்கும் நான்கு விசைகளும் தமிழ்99-இல் ச, ந, ய, ழ. ஆனால் அங்கே எஃப்என்னைப் பிடித்திருக்கும்வரைதான் அம்பு. விரலை எடுத்தால் எழுத்து. இதைச் செய்ய டோப்ரே ஸ்விட்ச் எதற்கு? உள்ளே இருக்கும் நிரலில் சில வரிகள் மாறினால் போதும்.

அந்த நிரலைத்தான் எங்கள் கையில் கொடுங்கள் என்று கேட்கிறேன். கணினியில் ஒரு மென்பொருள் போட்டு விசையை மாற்றிக்கொள்ளலாமே என்று கடைக்காரர் சொன்னார். எஃப்என் அழுத்துவது பெரும்பாலும் கணினிக்கே தெரிவதில்லை, எல்லாம் கீபோர்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அப்புறம், அலுவலகக் கணினியில் நாம் நினைத்ததை நிறுவவும் முடியாது. கியூஎம்கே என்ற கீபோர்டு நிரல் இலவசம், வயா என்ற செயலி வழியாகச் சில நிமிடங்களில் எந்த விசையையும் மாற்றலாம், மாற்றியது கீபோர்டிலேயே தங்கும். விலை குறைந்த சில மாடல்களிலேயே இப்போது இது வந்துவிட்டது, மற்றவர்களும் கொடுக்கலாம். ஒன்று மட்டும்: கியூஎம்கே ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருவது. அதை மாற்றி உங்கள் கீபோர்டில் போட்டு விற்றால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். கேட்டால் பதிலே இல்லாமல் இருப்பது முறையில்லை.

இன்னொன்று, ஸ்விட்சைக் கழற்றி மாட்டும் சாக்கெட். ‘ஹாட் ஸ்வாப்’ என்று பெட்டியில் பெரிதாகப் போடுகிறீர்கள். பிரித்துப் பார்த்தால் மெல்லிய முள் வைத்த ஔடெமு ஸ்விட்ச் மட்டுமே நுழையும் சாக்கெட். வேறு ஸ்விட்சை அழுத்தினால் முள் மடங்கிவிடுகிறது. தமிழ்99-இல் ‘வ’, ‘ங’ தவிர மெய்யெழுத்து வரிசை முழுக்க வலக்கையில். எனக்கு ‘க’வும் ‘த’வும்தான் முதலில் தேயும், அந்த இரண்டை மாற்றக் கடை கடையாக அலைய முடியாது. எந்த ஸ்விட்ச் பொருந்தும் என்று பெட்டியிலேயே எழுதிவிடுங்கள். வண்ண விளக்கு குறைந்தாலும் பரவாயில்லை, அந்தக் காசில், தேய்ந்து எளிதில் பளபளத்துப் போகாத பிபிடி பிளாஸ்டிக் விசைமூடி கொடுங்கள்.

இன்னும் சுருக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 40 சொச்சம் விசையோடு வரும் கீபோர்டில் ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை. தமிழ்99-இல் அடிப்பவர்களுக்கு 60 விசைதான் எல்லை.

அடுத்த மாதம் என்னோடு வேலை பார்க்கும் இருவருக்குச் சின்ன கீபோர்டு வாங்கப் போகிறோம். ஆளுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறோம். கடையில் பெட்டியைப் பிரித்து, முதலில் ‘தமிழ்’ என்று அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.

அன்புடன்,
தமிழ்99-இல் தட்டுகிற ஒருத்தி