சிறுகிழங்குக்கு ரகம் பார்த்து மணிச்சத்து சொல்லுங்கள்

நெல்லை, தென்காசி மாவட்ட வேளாண் ஆராய்ச்சியாளர்களுக்கு வணக்கம்.

கடையம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் சிறுகிழங்கு போடுகிறவன் நான். ஆவணியில் கொடி நட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு வந்துவிடும். நம் ஊர் பொங்கல் படையலுக்குப் போக மிச்சம் பாவூர்சத்திரம் சந்தை ஏறி, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும்.

போன வருஷம் அடியுரம் போடும்போது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் டிஏபி உரம் ஒரு மூட்டை குறைந்துவிட்டது. கடையில் கேட்டால், கூட ஒரு மருந்து பாட்டிலும் வாங்கினால்தான் மூட்டை தருவோம் என்றார்கள். மனசு ஒப்பாமல் திரும்பி வந்துவிட்டேன். அதனால் கிழக்கு ஓரத்தில் எட்டு பார் (மண் அணைத்த மேட்டு வரிசை) மணிச்சத்தே இல்லாமல் நின்றது. நான்கு பாரில் எங்கள் நாட்டுக் கொடி, நான்கு பாரில் திருவனந்தபுரத்துச் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த கொடி.

நாற்பதாம் நாள் பார்த்தேன். வெளியூர்க் கொடி கரும்பச்சையாகக் குறுகி நின்றது. நாட்டுக் கொடியோ, உரம் போட்ட பாருக்குச் சமமாகப் படர்ந்திருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு செடியைத் தோண்டி வாய்க்காலில் அலசினேன். நாட்டுக் கொடியில் வேர் சடை போல மண்ணைக் கவ்விக்கொண்டு வந்தது. வெளியூர்க் கொடியில் விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது. எட்டு பாரை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த ஓரத்தில் பழைய உரம் எவ்வளவு தங்கியிருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் ரகத்துக்கு ரகம் மணிச்சத்துத் தேவை மாறுமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

உருளைக்கிழங்கில் இது நீங்கள் நன்கு அறிந்த விஷயம். தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு வேரைத் தேடி வந்துவிடும். மணிச்சத்து போட்ட இடத்திலேயே கிடக்கும், வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். உருளையின் வேர் ஆழம் போகாதது. அதனால்தான் ஒரே மண்ணில் ஒரே உரம் போட்டாலும் ரகத்துக்கு ரகம் கணக்கு மாறுகிறது. ஒரு ரகம் வேரின் நீளத்தாலும் வேர்த்தூவியாலும் கூடுதலாக உறிஞ்சும். இன்னொன்று கொஞ்சமே எடுத்தாலும் அதை வைத்தே நிறையக் கிழங்கு கட்டும். வேறு சிலது, அள்ளிப் போட்டால்தான் அசையும். நெல்லிலும் காசலத் என்ற ரகத்தில், மணிச்சத்து குறைந்த மண்ணிலும் வேரை நன்றாக ஓடவைக்கும் ஜீனை அடையாளம் கண்டு 2012-ல் வெளியிட்டார்கள்.

சிறுகிழங்கு உருளையின் உறவு இல்லை. உருளை கத்தரிக் குடும்பம், இது துளசிக் குடும்பம். அங்கே கண்ட கணக்கை இங்கே அப்படியே இறக்க முடியாது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

கோ 1, ஸ்ரீதரா, நிதி, சுபலா என்ற சிறுகிழங்கு ரகங்கள், அப்புறம் எங்கள் நாட்டுக் கொடி, இவற்றை எங்கள் வயலிலேயே பக்கத்துப் பக்கத்தில் நட்டுப் பாருங்கள். மணிச்சத்து இல்லாமல் ஒன்று, பாதி அளவு ஒன்று, முழு அளவு ஒன்று. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிப்போடும், கரிசலில் சுண்ணாம்பு கட்டிப்போடும். ஆகையால் இரண்டு மண்ணிலும் பார்க்க வேண்டும். கொடி நடும் முன்பே மண் பரிசோதனை வேண்டும். கிழங்கை எடை போட்டால் மட்டும் போதாது, நாற்பதாம் நாள் வேரையும் அலசிப் பார்க்க வேண்டும் என்பது என் கெஞ்சுதல்.

ஐம்பது கிலோ டிஏபி மூட்டை 1350 ரூபாய். அதில் மணிச்சத்து 23 கிலோ. முதல் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் கால் பங்குகூட இருக்காது, மிச்சத்தை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏக்கருக்கு அரை மூட்டை மிச்சமாகும் என்று ஒரு ரகத்துக்குச் சொல்ல முடிந்தால், எங்கள் பக்கத்துச் சின்ன விவசாயிக்கு அது கிழங்கு தோண்டியெடுக்கும் ஆள் கூலி ஒரு நாளுக்காவது ஆகும்.

இந்த ஆவணிக்கு அதே கிழக்கு ஓரத்தை உரம் போடாமல் விட்டு வைக்கிறேன். ஆடிக் கடைசியில் நாற்றங்கால் கொடி வெட்டுக்கு வந்துவிடும். அதற்கு முன் மண் மாதிரி எடுக்க யாராவது வந்தால் போதும், மம்பட்டி பிடிக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
கடையம் பக்கத்து விவசாயி ஒருவன்